அனாமத்தில் வைத்த 143 கேள்விகள்: வேலை, வீடு, வரலாறு, ஒரு நாவல்

இதில் வரும் எழுத்தாளரை எனக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தெரியும். வட்டார நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில்தான் பழக்கம் ஏற்பட்டது. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை என்பதால் என்னை "டீச்சர்" என்றே கூப்பிடுவார். 2019 முதல் 2023 வரை அவர் ஒரு வரலாற்று நாவலோடு மல்லுக்கட்டியதை அருகிலிருந்து பார்த்தேன். சில இடங்களில் யோசனை சொன்னேன், அதில் ஒன்றிரண்டு தவறான யோசனைகள். வேலையும் வீடும் இருக்கையில் வரலாறு எழுத வருகிறவர்கள் எங்கள் வட்டத்தில் பெருகிவருவதால் நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறேன். எழுதி முடித்ததும் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். தமக்குப் பெருமை சேர்க்காத பகுதிகளில் அவர் கைவைக்கவில்லை.

பின்னணி

2019இல் அவருக்கு வயது 43. சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்காளர். வீடு ஈசூனில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நான்கறை வீடு. கணவருக்குக் கப்பல் பட்டறையில் ஷிப்ட் வேலை. மகள் உயர்நிலைப் பள்ளியில், மகன் தொடக்கநிலை மூன்றில். கணவரின் தாயாரும் கூடவே இருந்தார், அப்போது அவருக்கு 79 வயது. எழுத்தாளர் அதற்கு முன் இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வெளியிட்டிருந்தார். வரலாற்றில் முறையான பயிற்சி எதுவும் கிடையாது.

அது ராஃபிள்ஸ் வந்திறங்கிய 1819ஐ வைத்து இருநூறாம் ஆண்டைச் சிங்கப்பூர் நினைவுகூர்ந்த ஆண்டு. எங்கு பார்த்தாலும் வரலாற்றுப் பேச்சு. ஒரு சனிக்கிழமை, அலுவலகத்தில் விட்டுவந்த ஒரு கோப்பை எடுக்கப் போனபோது மாமியாரையும் கூட்டிப்போயிருக்கிறார். எம்ஆர்டி நிலையத்தை விட்டு வெளியே வந்த முதியவர், கண்ணாடிக் கட்டடங்களைச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இங்கதான் புள்ள எங்க லைன் வீடு. அப்பா இங்கேருந்துதான் ஹார்பர் போர்டுக்கு நடந்து போவாரு" என்றாராம். பதினோரு ஆண்டுகளாகத் தினமும் வந்துபோகும் இடத்தைப் பற்றித் தமக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்பது எழுத்தாளரை உறுத்தியிருக்கிறது. நாவல் அங்கே தொடங்கியது.

முதல் திட்டம் பெரியது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் மூன்று தலைமுறை. 1920களில் 'ரஜூலா' கப்பலில் வந்திறங்குவதில் ஆரம்பித்து, ஜப்பானியர் ஆட்சி, 1946 வேலைநிறுத்தங்கள், ஹார்பர் போர்டு 1964இல் துறைமுக ஆணையமாக மாறியது என்று போய், பிரிட்டிஷ் படை வெளியேறிய 1971இல் முடிகிற கதை. இதைக் கேட்டபோது நான் கைதட்டினேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'எத்தனை சாயங்காலங்கள் உங்களிடம் இருக்கின்றன?' என்பது.

முதல் இரண்டு ஆண்டுகளில் கண்டது

வேலை சுறுசுறுப்பாகத் தொடங்கியது. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 11ஆம் தளத்தில் நுண்படச் சுருள், கேனிங் ரைஸில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள், இணையத்தில் பழைய நாளிதழ்கள் என்று எல்லாப் பக்கமும் தேடினார். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கொவிட் கட்டுப்பாடுகள் தொடங்கி நூலகங்கள் மூடப்பட்டபோதும் தேடல் நிற்கவில்லை, கைப்பேசிக்கு மாறியது. அதன் பிறகு ரயிலில், துணைப்பாட நிலைய வாசலில், பலதுறை மருந்தகத்தில் எண் கூப்பிடும்வரை என்று கிடைத்த பத்து நிமிடங்களிலெல்லாம் பழைய செய்தித்தாள்தான். ஆங்கில நாளிதழ்களில் ஒரு சொல்லைத் தட்டி வேண்டியதைப் பிடித்துவிடுவார். பழைய தமிழ் முரசை மட்டும் நாள்வாரியாக, பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதில் நேரம் போனது என்றாலும் தேடாத பொருள் அகப்பட்டது அதில்தான். படக்கொட்டகை விளம்பரம், புடவை விலை, சீர்திருத்தத் திருமண அறிவிப்பு, யாரோ யாரையோ காணவில்லை என்று கொடுத்த இரண்டு வரி.

2021 நடுப்பகுதிக்குள் ஏழு குறிப்பேடுகள் நிறைந்தன. கணக்காளர் கையெழுத்து. சிவப்பு மையில் தேதி, பச்சையில் இடம், ஓரத்தில் பக்க எண். ஆறாவதைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது. நாவல்? மூன்று அத்தியாயம். அதில் முதலாவதை நான்கு முறை திருப்பி எழுதியிருந்தார்.

தேடல் எப்படி வழிவிலகிப் போனது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1946இல் லைன் வீடுகளில், அதாவது தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளில், யார் செய்தித்தாள் படித்திருப்பார்கள் என்பது கேள்வி. அதற்கு 1935இல் தமிழ் முரசு தொடங்கிய கதைக்குப் போனார். அங்கிருந்து, அதற்கு முன் இங்கே என்னென்ன தமிழ் இதழ்கள் வந்தன என்று போனார். கடைசியில் 1887இல் மகுதூம் சாயபு நடத்திய 'சிங்கை நேசன்' வாரஇதழில் மூன்று வாரம் தங்கிவிட்டார். விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டில் பிறந்த இதழ், சுவைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாவலின் காலத்துக்கும் அதற்கும் ஏறக்குறைய அறுபது ஆண்டு இடைவெளி. "வேஸ்ட் இல்ல டீச்சர், எங்கயாவது உதவும்" என்றார். உதவவில்லை.

இதற்கிடையே வீட்டில் நிலைமை மாறியது. 2021 ஜனவரியில் மாமியார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. மறதிநோயின் தொடக்கம் என்றார்கள். பகலில் மூத்தோர் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைத்தது. மாலை ஆறரை மணியிலிருந்து மறுநாள் காலைவரை வீட்டார் பொறுப்பு. சொன்னால் மனம் கோணுவார்களோ என்று நான் தயங்கிய ஒன்றை அவரே சொன்னார்: மருத்துவமனையில் இருந்த அந்த 19 நாட்களில்தான் குறிப்பேடு எண் ஐந்து முழுவதும் நிறைந்தது.

நான்கு வாரக் கணக்கு

2021 செப்டம்பர் கூட்டத்தில் ஒருவர், "நாவல் எப்போது வரும்?" என்று சாதாரணமாகக் கேட்டார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் முடிந்து உணவங்காடியில் உட்கார்ந்திருந்தபோது, "நேரமே இல்ல டீச்சர்" என்றார். நானும் தலையாட்டினேன். மறுவாரம் அவரே தொலைபேசியில் அழைத்தார். "நேரம் இல்லன்னு சொன்னேன்ல, அதுக்கு ஆதாரம் இருக்கான்னு பாக்கணும்" என்றார். அலுவலகத்தில் ரசீது இல்லாமல் ஒரு செலவையும் ஏற்காதவர் அவர்.

நான்கு வாரம், 28 நாள், நாவலுக்காகச் செலவான ஒவ்வொரு நிமிடத்தையும் எழுதி வைத்தார். மொத்தம் 33 மணி நேரம். அதில் படிப்பதும் குறிப்பெடுப்பதும் 29 மணி, நாவல் எழுதியது 4 மணி. அந்த நான்கு மணியில் நின்ற சொற்கள் ஏறத்தாழ 900.

ஆக, நேரம் இல்லாமலில்லை. 33 மணி என்பது வேலையும் வீடும் உள்ள ஒருவருக்குக் கைநிறைந்த நேரம். ஆனால் அந்த நேரம் பத்து நிமிடம், பதினைந்து நிமிடமாகத் துண்டுபட்டுக் கிடந்தது. செய்தித்தாள் அந்தத் துண்டுக்குள் அடங்கும், அத்தியாயம் அடங்காது. ஒரு காட்சிக்குள் நுழையவே தமக்கு முக்கால் மணி பிடிக்கிறது என்பதையும் அந்தப் பதிவிலிருந்துதான் கண்டுகொண்டார்.

கணக்கில் ஏறாத இன்னொன்றை நான் ஒருநாள் அவர் வீட்டில் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் அச்செடுத்த பழைய செய்திப் பக்கத்தை வைத்து அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. அம்மா படிக்கிறார். பிறகு அதை ஒதுக்கிவிட்டு வெற்றுத் தாளை எடுத்துவைத்துச் சுவரைப் பார்த்தபடி யோசிக்க ஆரம்பித்தார். ஐந்து நிமிடத்துக்குள் மகன் கணக்குப் புத்தகத்தோடு வந்தான், மகள் உலர்ந்த துணி எங்கே என்றாள், கணவர் தண்ணீர் வடிகட்டியைப் பற்றிக் கேட்டார். யாரையும் குறைசொல்ல முடியாது. சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் சும்மா இருப்பவராகத்தான் வீட்டுக்குத் தெரிகிறார்.

தேடலில் ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். தேடிய பிறகு கையில் ஏதாவது இருக்கும். எழுதி முடித்தால் பல இரவுகளில் கையில் இருப்பது தோல்விதான். மாமியாருக்கு உடைமாற்றிப் படுக்கவைத்த பிறகு இன்னொரு தோல்வியைத் தாங்கத் தெம்பில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, நாவலைச் சுருக்குவது. மூன்று தலைமுறையை விட்டுவிட்டு, 1945 செப்டம்பரில் ஜப்பானியர் சரணடைந்ததிலிருந்து 1946 முடியவுள்ள பதினாறு மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் கதைக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. ஒரே நாளில் செல்லாமல் போன, ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டு. பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின்கீழ் அரிசித் தட்டுப்பாடும் கள்ளச்சந்தையும். 1945 அக்டோபரிலேயே துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியது. 1946 ஜனவரி 29 பொது வேலைநிறுத்தம். மாமியாரின் நினைவு தொடங்குவதும் அந்த வயதில்தான். மற்ற ஐம்பது ஆண்டுகளுக்கான குறிப்பேடுகளை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டார். அன்று மாலை தமக்குக் காய்ச்சலே வந்துவிட்டது என்றார்.

இரண்டாவது முடிவு, பத்து வாரங்களுக்குத் தேடலே கூடாது என்பது. இதற்கான வழி அவருடைய தொழிலிலிருந்தே வந்தது. கணக்கில் ஒரு தொகை எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அதற்காகப் புத்தகத்தை மூடிவைப்பதில்லை, அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு மேலே போவார்கள், விவரம் கிடைத்ததும் உரிய இடத்துக்கு மாற்றுவார்கள். நாவலிலும் அதையே செய்தார். தெரியாத இடம் வந்தால் சிவப்பில் ஒரு வட்டம், உள்ளே 'அ' என்ற எழுத்து. 'வாரத்துக்கு ஒரு ஆளுக்கு அரிசி அ காட்டி.' 'கிராணியார் அ நிறச் சட்டை போட்டிருந்தார்.' எழுதும் மேசையில் கைப்பேசி இருக்கக் கூடாது. முதல் வாரம் கை தானாகப் பையைத் துழாவியதாகச் சொன்னார்.

மூன்றாவது, நேரத்தைச் சேர்த்துக் கட்டுவது. இதில் முதல் முயற்சி தோற்றது. அதிகாலை நாலரைக்கு எழுந்து எழுதுங்கள் என்று யோசனை சொன்னவள் நான். ஆசிரியை வேலையில் நான் அப்படித்தான் இருந்தேன், ஆனால் என் வீட்டில் நோயாளி கிடையாது. இவர் விளக்கைப் போட்டால் மாமியார் விழித்துக்கொள்வார், விடிந்துவிட்டது என்று வாசலுக்குப் போவார். மூன்றாவது வாரம் அலுவலகத்தில் தூக்கக் கலக்கத்தில் ஒரே விலைப்பட்டியலுக்கு இருமுறை பணம் அனுப்பிவிட்டார். பணம் திரும்பி வந்தது, மேலாளரிடம் தலைகுனிந்து நின்றதுதான் மிச்சம். அன்றோடு நாலரை மணி முடிந்தது.

பிறகு செய்தது இது. ஆண்டு விடுப்பை முழுநாளாக எடுக்காமல் அரைநாளாகப் பிரித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை பிற்பகல், அலுவலகத்திலிருந்து நேராக ஒரு நூலகத்துக்குப் போவது. மாமியார் நிலையத்திலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருக்கும் நேரம். அதோடு சனிக்கிழமை மாலை ஆறு முதல் ஒன்பதரைவரை, கணவரின் ஷிப்ட் அனுமதிக்கும் வாரங்களில். ஞாயிற்றுக்கிழமை நாவலைத் தொடவே கூடாது. அது மகன் கேட்டது. "அம்மா, நீங்க எப்பவும் 1946லயே இருக்கீங்க" என்றானாம்.

கணவரோடு நடந்த பேச்சு எளிதாக இல்லை. இரண்டு ஆண்டுகளாக அவர் உதவவில்லை என்ற வருத்தம் எழுத்தாளருக்கு உண்டு. "உதவி வேணும்னு நீ கேட்டாதானே எனக்குத் தெரியும்" என்றார் அவர். "உங்கம்மாவுக்கு மாத்திரை கொடுக்கிறது எனக்குச் செய்யிற உதவியா?" என்று இவர் கேட்டிருக்கிறார். இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் கணவர் ஒரு தாளில் சனிக்கிழமை மாலை வேலைகளை வரிசையாக எழுதிக் குளிர்பதனப்பெட்டியில் ஒட்டினார்: இரவுணவு, மாத்திரை, அணையாடை, தூக்கம் வரும்வரை கூட உட்காருவது. அந்தத் தாள் இன்னும் அங்கே இருக்கிறது, ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

மாமியாரின் பதிவு

2021 நவம்பரில் மாமியாரின் நினைவுகளைக் கைப்பேசியில் பதிவு செய்யத் தொடங்கினார். கணவரிடமும் நாத்தனாரிடமும் சொல்லி, முதியவரிடமும் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டே பொத்தானை அழுத்தினார். மாலைத் தேநீருக்குப் பிறகு இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை. ஆண்டு கேட்டால் முதியவர் குழம்பினார். பொருளைக் கையில் கொடுத்தால் பேசினார்.

ரேஷன் அரிசி அளவைத் தேடி எழுத்தாளர் முன்பு மூன்று வாரம் செலவழித்திருந்தார். இப்போது ஒரு காலிப் பால் டின்னையும் கொஞ்சம் அரிசியையும் முன்னால் வைத்தார். நானும் அன்று இருந்தேன். முதியவர் டின்னை அரிசிக்குள் செருகி எடுத்தார். இடது உள்ளங்கையால் அடியைத் தாங்கிக்கொண்டு, வலது கையின் விளிம்பால் வாயோடு வாயாக ஒரே இழுப்பில் வழித்தார். மேலே நின்ற அரிசியெல்லாம் உதிர்ந்தது. "கடக்காரன் இப்படித்தான் தலதட்டிக் கொடுப்பான். அம்மா இப்படிக் கொடுப்பாங்க" என்று, இரண்டாவது டின்னைக் கோபுரமாகக் குவித்துக் காட்டினார். கீழே சிந்திய மணிகளை ஒவ்வொன்றாக விரல்நுனியில் ஒற்றி எடுத்து டின்னில் போட்ட பிறகுதான் நிமிர்ந்தார். நாவலின் இரண்டாம் அத்தியாயம் அந்தக் கையிலிருந்து வந்தது. ஒரு காட்டி இன்றைய கணக்கில் ஏறத்தாழ 600 கிராம் என்ற விவரம் அங்கே தேவைப்படவே இல்லை.

நினைவு பிசகிய இடங்களும் இருந்தன. தம் அத்தை 'ஜப்பான்காரன் காலத்துல ரஜூலாவுல வந்தாங்க' என்று முதியவர் பலமுறை சொன்னார். 1926இல் கட்டிய பிரிட்டிஷ் கப்பல் அது. ஜப்பானியர் ஆண்ட சிங்கப்பூருக்கு மதராஸிலிருந்து அது வந்திருக்க வழியில்லை. போருக்கு முன்போ பின்போதான் வந்திருக்க வேண்டும். எழுத்தாளர் முதியவரைத் திருத்தவில்லை. அந்தப் பிழையை அப்படியே ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்து, பக்கத்து வீட்டுக் கிழவர் "என்னாடி உளர்ற, அப்ப ஏது கப்பல்" என்று மறுப்பதாக எழுதினார். நாவலில் எனக்கு மிகப் பிடித்த பக்கங்களில் ஒன்று.

2022 மார்ச் மாதம் ஒரு மாலை, கேட்காமலே முதியவர் தம் மூத்த அண்ணனைப் பற்றிப் பேசினார். ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர். அது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். எப்படிப் போனார், யார் பெயரைக் கொடுத்தது என்பது யாருக்கும் தெரியாது. பதினோரு நிமிடம் பேசிவிட்டு அழுதார். எழுத்தாளர் பதிவை நிறுத்தினார். "அத எழுதாத புள்ள" என்றார் முதியவர். ஒரு மாதத்துக்குப் பின் மெதுவாகக் கேட்டபோது, அப்படி ஓர் அண்ணன் இருந்ததே அவருக்கு நினைவில்லை.

பெயரையும் ஊரையும் மாற்றி எழுதலாம் என்றேன் நான். தடுத்தவருக்கே தடுத்தது மறந்துவிட்டது, காப்பகங்களில் இதுபோல் எத்தனையோ பதிவுகள் இருக்கின்றன, இந்த வரலாறு வெளிவருவதும் முக்கியம் என்றெல்லாம் வாதாடினேன். அவர் ஒரே பதில் சொன்னார்: "சொல்லும்போது அவங்களுக்குத் தெளிவு இருந்துச்சு டீச்சர். எழுதாதன்னு சொன்னதும் அதே தெளிவுலதான்." அந்தப் பதினோரு நிமிடம் நாவலில் இல்லை. அது இருந்தால் நாவல் இன்னும் கனமாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். எழுதச் சொல்லியிருக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

143இன் கதி

முதல் வரைவு 2022 ஆகஸ்டில் முடிந்தது. மகனின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்காக இரண்டு மாதம் எல்லாவற்றையும் மூடிவைத்தார். நவம்பரில் சிவப்பு வட்டங்களை எண்ணினார்: 143.

பத்து வாரத்துக்குப் பிறகும் தேடலை அவர் பழையபடி திறந்துவிடவில்லை. ஒவ்வொரு வட்டத்தையும் எடுத்து, இது தெரியாவிட்டால் கதையில் என்ன மாறும் என்று கேட்டுக்கொண்டார். 61 வட்டங்கள் திருப்பி எழுதும்போது தாமாகவே போயின. கிராணியாரின் (எழுத்தரின்) சட்டை நிறம் அவற்றில் ஒன்று. 22க்கு மாமியாரும் வாசகர் வட்டத்தின் மூத்தவர்களும் பதில் சொன்னார்கள். 48 கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒன்பது முறை நூலகத்துக்கும் காப்பகத்துக்கும் போய்த் தீர்த்தார். அந்தத் தாளில் இல்லாத எதையும் அன்று படிப்பதில்லை என்பது விதி. இரண்டு முறை மீறியதாக ஒப்புக்கொண்டார். மீதி 12க்கு விடை கிடைக்கவில்லை. அந்தக் காட்சிகளில் பாத்திரத்துக்கும் அது தெரியாதபடி மாற்றினார்.

அந்த 48இல் ஒன்று கதையையே திருப்பியது. நாயகியை 1945 இறுதியில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார். அந்தப் பள்ளி தொடங்கியது 1946இல். அதனால் அந்த மாதங்களில் பெண் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. வேலைநிறுத்தக் கூட்டத்துக்கு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவதற்கும் அதனாலேயே வாய்ப்புக் கிடைத்தது.

அச்சுக்குப் பிறகு

2023 ஆகஸ்டில் நாவல் வந்தது. 148 பக்கம், 300 பிரதி. வெளியீட்டன்று 90 பிரதிகள் விற்றன. மற்றவை இன்றும் வீட்டின் பாதுகாப்பறையில், அரிசி மூட்டைக்கும் பழைய மிதிவண்டிக்கும் நடுவில் இருக்கின்றன.

அடுத்த மாதம் ஒரு வாசிப்புக் கூட்டத்தில், எண்பதைத் தாண்டிய ஒருவர் கையுயர்த்தினார். நாவலின் முன்கதை 1944இல் நடக்கிறது. அதன் முதல் வரி, காலை ஆறு மணிக்குக் கிழக்கு வெளுத்தது என்று தொடங்கும். "அம்மா, ஜப்பான் காலத்துல ஆறு மணின்னா கும்மிருட்டும்மா" என்றார் அவர்.

அவர் சொன்னது சரி. ஜப்பானியர் வந்ததும் சிங்கப்பூர்க் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளினார்கள். 1945 செப்டம்பரில்தான் பழைய நேரம் திரும்பியது. அப்படியென்றால் 1944இல் சூரியன் எழும்போது கடிகாரம் எட்டைத் தொட்டிருக்கும். போர் முடிந்த பிறகு ஆறரை. 1982இல் இன்னொரு அரைமணி முன்னே தள்ளியதால் இன்று ஏழு. எழுத்தாளர் பிறந்த ஊர் தமிழ்நாடு. அங்கே ஆறு மணிக்கு விடியும் என்ற நினைப்பு எப்படியோ வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

143 வட்டங்களில் இது இல்லை. இருந்திருக்கவும் முடியாது. சந்தேகம் வந்த தொகைதான் அனாமத்துக்குப் போகும். சந்தேகமே வராத தொகை நேராகப் பேரேட்டில் ஏறிவிடும். இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான், அச்சாகும்வரை எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. விற்காத பிரதிகளில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டினார். ஒரு சனிக்கிழமை மாலை மகளும் மகனும் கூட உட்கார்ந்து ஒட்டினார்கள்.

மீண்டும் செய்வதானால்

அவரும் நானும் தனித்தனியாக எழுதிப் பார்த்தோம். இருவர் தாளிலும் முதலில் இருந்தது, மாமியாரை 2019இலேயே பதிவு செய்திருக்க வேண்டும் என்பது. செய்தித்தாள் எங்கும் போகாது. நுண்படச் சுருளில் முதல் இரண்டு ஆண்டு போய்க்கொண்டிருந்தபோது, அதே வீட்டில் தெளிவான நினைவோடு ஒருவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

அச்சுக்குப் போகுமுன் அந்தக் காலத்தில் வாழ்ந்த இருவரிடம் படித்துக்காட்ட வேண்டும் என்பது அவர் எழுதியது. கேள்வி கேட்பதற்காக இல்லை, நாமே கேட்கத் தெரியாததை அவர்கள் கேட்பதற்காக. இரண்டாவது நாவலுக்கு இப்போதே ஒரு தாள் தயாரித்திருக்கிறார்: அந்த ஆண்டில் என்ன கடிகாரம், என்ன நாணயம், என்ன எடையளவு, எத்தனை மணிக்கு விளக்கு. சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாக் காட்சிகளையும் அதோடு ஒத்துப்பார்ப்பதாக ஏற்பாடு.

கணவரிடம் இரண்டு ஆண்டு முன்னதாகப் பேசியிருக்க வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். அவர் அதை ஏற்கவில்லை. "அப்ப பேசியிருந்தா எனக்கு வேண்டியது என்னன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது" என்றார். அரைநாள் விடுப்பு முறையைத் தொடர்கிறார். பெட்டியில் போட்டு ஒட்டிய குறிப்பேடுகளை இன்னும் திறக்கவில்லை.

பதினோரு நிமிடப் பதிவு ஒரு சேமிப்புக் கருவியில், கணவரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. காப்பகத்துக்குக் கொடுக்கலாம் என்கிறார் நாத்தனார். கணவர் அதை இன்னும் கேட்கவில்லை. அம்மா இருக்கும்வரை கேட்கப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறார்.